நிதனீமியர் பட்டியலில் ஒரு பெயரைத் தேடிச் செல்லும் வழி: கேரோசின் புத்திரர்

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியலான எஸ்றா 2ஆம் அதிகாரத்தை ஆலயத்தில் வாசிக்கக் கொடுத்தால், பலரும் 42ஆம் வசனத்தோடு நிறுத்தி நேரே 58க்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருப்பவை வாயில் நுழையாத பெயர்கள், அவற்றால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம். எனக்கு இது பொறுப்பதில்லை. நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய ஆவணங்களை நகலெடுத்தே உத்தியோக காலத்தைக் கழித்தவள். நகலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்தின் பாத்தியதையே விடுபட்டுப்போகும். இப்போது சபையில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கிறேன், பெண்கள் வேத ஆராய்ச்சிக் கூட்டத்தையும் நடத்துகிறேன். அந்தக் கூட்டத்தில் ஒரு பெயரை எப்படித் தேடிப் போகிறோமோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட பெயர் கேரோஸ். எஸ்றா 2:44இன் முதல் பெயர், எருசலேம் தேவாலயத்தின் பணியாளர்களான நிதனீமியரின் குடிகளில் ஒன்று.

வேண்டியவை அதிகமில்லை. ஒரு தமிழ் வேதாகமம், ஒரு கோடு போட்ட நோட்டு, எபிரெயச் சொற்களுக்கு எண் கொடுத்திருக்கும் ஸ்ட்ராங் ஒத்துவாக்கிய அகராதி ஒன்று. புத்தகமாக இல்லாவிட்டால் கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் வேதாகமச் செயலிகளில் ஒன்று போதும். எபிரெயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான்கைந்து எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டால் சரி. அதற்கான வழியைப் பிறகு சொல்கிறேன்.

பெயருக்கு முன் கூட்டத்தைப் பாருங்கள்

கேரோசைத் தொடுவதற்கு முன், அவன் பெயர் எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘நிதனீமியர்’ என்ற சொல் வருகிற இடங்களை எல்லாம் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 1 நாளாகமம் 9:2 ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் எஸ்றா, நெகேமியா என்ற இரண்டு புத்தகங்களுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே ஒரே ஒரு செய்தியை எழுதுங்கள். எருசலேமில் ஓபேல் மேட்டில் குடியிருந்தார்கள் (நெகேமியா 3:26, 11:21). ஆசாரியர், லேவியர், பாடகர், வாசல் காவலாளர் ஆகியோருடன் சேர்த்து அவர்கள்மேலும் வரி விதிக்கக் கூடாது என்பது பெர்சிய ராஜாவின் கட்டளை (எஸ்றா 7:24). நியாயப்பிரமாணத்தின்படி நடப்போம் என்று ஆணையிட்டவர்களுள் அவர்களும் இருந்தார்கள் (நெகேமியா 10:28).

எஸ்றா 8:15 முதல் 20 வரையுள்ள பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். பாபிலோனிலிருந்து இரண்டாவது கூட்டத்தை அழைத்துக்கொண்டு புறப்பட்ட எஸ்றா, ஆற்றங்கரையில் எண்ணிப் பார்க்கும்போது கூட்டத்தில் லேவியர் ஒருவர்கூட இல்லை. கசிப்பியாவில் இருந்த இத்தோவிடம் ஆள் அனுப்புகிறார். வந்து சேர்ந்தவர்களில் லேவியர் நாற்பதுக்கும் குறைவு, நிதனீமியரோ 220 பேர். தாவீதும் பிரபுக்களும் லேவியருக்கு உதவியாக ஏற்படுத்தியவர்கள் இவர்கள் என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருடைய பெயரும் குறிக்கப்பட்டிருந்தது என்று அந்த வசனம் முடிகிறது. ஆலயத்தில் மிகக் கீழான பணியைச் செய்தவர்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தோம் என்று வேதமே சொல்லும்போது, அவற்றைத் தாண்டிப் போக நமக்கு என்ன அவசரம்?

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்து வையுங்கள். யோசுவா 9:27இல் விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் நியமிக்கப்பட்ட கிபியோனியரே நிதனீமியரின் முன்னோர் என்று பலர் பிரசங்கத்தில் சொல்வார்கள். அது யூத ரபிகளின் மரபு, தல்மூதில் இருக்கிறது. எஸ்றாவின் புத்தகம் தாவீதின் பெயரைச் சொல்கிறது, கிபியோனியரைச் சொல்லவில்லை. நோட்டில் இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

இரண்டு பட்டியலையும் அருகருகே எழுதுங்கள்

இந்தப் பட்டியல் இரண்டு முறை வருகிறது: எஸ்றா 2:43-54, நெகேமியா 7:46-56. நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் எஸ்றா, வலப்பக்கம் நெகேமியா என்று ஒரு வரிக்கு ஒரு பெயராக எழுதுங்கள். அச்சடித்த பக்கத்தைக் கண்ணால் ஒப்பிடுவது போதாது, கையால் எழுத வேண்டும். எழுதும் கை நின்று தடுமாறும் இடத்தில்தான் வேறுபாடு இருக்கும்.

எழுதி முடித்தால் இடப்பக்கம் 35 பெயர்கள், வலப்பக்கம் 32. எஸ்றாவின் 45ஆம் வசனத்தின் கடைசிப் பெயரான அக்கூப், 46இன் முதல் பெயர், 50இன் முதல் பெயரான அஸ்னா ஆகிய மூன்றும் நெகேமியாவில் இல்லை.

இதில் முதல் இரண்டு ஏன் காணாமல் போயின என்பதை என்னைப் போன்ற நகலெடுப்பவர்கள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். எபிரெயத்தில் அந்த இடத்தின் வரிசை இது: ஹகாபா, அக்கூப், ஹகாப், சல்மாய். நகலெடுப்பவர் ‘ஹகாபாவின் புத்திரர்’ என்று எழுதிவிட்டு மூலத்தை மறுபடி பார்க்கிறார். கண் போய் நிற்பது ‘ஹகாபின் புத்திரர்’ என்ற இடத்தில். இதைத்தான் எழுதிவிட்டோமே என்று அடுத்த பெயரான சல்மாய்க்குப் போய்விடுகிறார். நடுவில் அக்கூப் விழுந்துவிட்டான், ஹகாபும் விழுந்துவிட்டான். நெகேமியாவில் ஹகாபாவை அடுத்துச் சல்மாய் நிற்பது இந்த விளக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது. சொத்துப் பத்திரங்களில் ‘வடக்கு எல்லை’ என்ற சொல் இரண்டு முறை வந்தால் இடையிலுள்ள வரி முழுவதும் இப்படித்தான் விழும்.

பெயர்களின் எண்ணிக்கை வேறுபட்டாலும், சாலொமோனின் வேலையாட்களுடைய சந்ததியையும் சேர்த்து இரண்டு இடத்திலும் வரும் மொத்தம் ஒன்றே: 392 பேர். இந்த எண்ணை வைத்து ஒரு சிறு கணக்குப் போடுங்கள். எஸ்றாவில் நிதனீமியர் 35 குடும்பம், சாலொமோனின் வேலையாட்கள் 10 குடும்பம், ஆக 45. குடும்பத்துக்குச் சராசரி ஒன்பது பேர்கூட வரவில்லை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் பாரோஷின் புத்திரர் மட்டும் 2,172 பேர். கேரோசின் புத்திரர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய அளவு சிறிய கூட்டமாக இருந்திருக்கலாம். ஆனால் லேவியர் 74 பேர் மட்டுமே திரும்பி வந்த அந்தப் பயணத்தில் இந்த எளிய பணியாளர்கள் ஐந்து மடங்குக்கு மேல் வந்திருக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தமிழ் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள்

அடுத்தது எழுத்து. தமிழ் வேதாகமத்தில் ‘க’ என்று காணப்படும் ஓசைக்கு எபிரெயத்தில் பல எழுத்துகள் இருக்கலாம். கப் என்பது ஒன்று, கோப் என்பது இன்னொன்று. ‘ஹ’ ஓசையுள்ள எழுத்துகள் பல இடங்களில் தமிழில் வெறும் உயிராகிவிடும். எபிரெய எழுத்துகளின் பெயரை அறிய வேறு எங்கும் போக வேண்டாம். 119ஆம் சங்கீதத்தைத் திறவுங்கள். எட்டு வசனத்துக்கு ஓர் எழுத்து என்று 22 எழுத்துகளும் அங்கே வரிசையாக வருகின்றன, பல தமிழ்ப் பதிப்புகளில் தலைப்பாகவே அச்சிட்டிருப்பார்கள். சாமெக் 113ஆம் வசனத்தில் தொடங்குகிறது, கோப் 145இல், ரேஷ் 153இல். கேரோஸ் என்ற பெயர் இந்த மூன்றே எழுத்து: கோப், ரேஷ், சாமெக்.

இனி அகராதியில் 7026ஆம் எண்ணைப் பாருங்கள். அதுதான் இந்தப் பெயர். அது வருவது இரண்டே இடம், நாம் ஏற்கெனவே அருகருகே எழுதிய அதே இரண்டு வசனங்கள். எஸ்றாவில் மூன்று எழுத்தோடு நிற்கிறது, நெகேமியா 7:47இலோ கோப்புக்கும் ரேஷுக்கும் நடுவே யோத் என்ற எழுத்து ஒன்று கூடியிருக்கிறது. ‘கே’ என்ற உயிரோசையைக் காட்டச் சேர்த்த துணை எழுத்து அது, பெயர் மாறவில்லை. யோத் இல்லாத வடிவத்தை நோட்டில் அடிக்கோடிடுங்கள். சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

எழுத்தைப் பார்க்காமல் ஓசையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதே பட்டியலின் 54ஆம் வசனத்தில் உதாரணம் இருக்கிறது. நெத்சியா என்ற பெயரைத் தமிழில் கண்டவுடன் ஏசாயா, எரேமியா போல முடிவில் கர்த்தருடைய நாமத்தின் சுருக்கம் இருப்பதாகத் தோன்றும். எபிரெயத்தில் அது ஹெத் என்ற வேறொரு எழுத்தில் முடிகிறது. நாமத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சுருக்கம் உண்மையாகவே தெரிவது 47ஆம் வசனத்தின் மூன்றாம் பெயரில்.

கிரேக்கப் பட்டியல் ஒன்றும் உண்டு, எஸ்திராவின் முதல் நூல் எனப்படும் புத்தகத்தில், 5ஆம் அதிகாரத்தில். அங்கே நமது பெயர் கேராஸ் என்ற உருவத்தில், எஸ்றாவில் இருக்கும் அதே நான்காம் இடத்தில் நிற்கிறது. பட்டியலின் முதல் பெயரான சீகா அங்கே ஏசா ஆகிவிட்டான்! வேறு மொழிக்குப் போகும்போது அறிமுகமில்லாத பெயர் அறிமுகமான பெயராக மாறிவிடுவது எல்லாக் காலத்திலும் நடப்பது. கேரோசுக்கு அந்தக் கதி நேரவில்லை என்று குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

வேதாகமத்துக்கு வெளியே: ஆராத் ஓடு

கேரோசைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான். எருசலேமுக்குத் தெற்கே, நெகேவ் வறண்ட நிலத்தில் ஆராத் என்ற யூதா ராஜ்யத்துக் கோட்டை இருந்தது. 1960களில் யோகனான் அகரோனி என்ற இஸ்ரவேல் தொல்லியலாளர் அதை அகழ்ந்தார். மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அக்காலத்தில் கடிதம், ரசீது, உத்தரவு எல்லாம் உடைந்த பானையின் ஓட்டில்தான். அவற்றில் ஒரு தொகுதி எலியாசீப் என்ற கோட்டைப் பொறுப்பாளருக்கு வந்தவை. இவ்வளவு மாவு கொடு, இவ்வளவு திராட்சரசம் கொடு, எண்ணெய் அனுப்பு என்று பெரும்பாலும் பண்டகசாலை உத்தரவுகள். காலம் ஏறக்குறைய கி.மு. 600.

இத்தொகுப்பில் 18ஆம் எண்ணுள்ள ஓட்டைத் தேடிப் படியுங்கள். படத்தோடும் எழுத்துப் பெயர்ப்போடும் பல இடங்களில் கிடைக்கும். செய்தி இப்படிப் போகிறது: என் ஆண்டவனாகிய எலியாசீபுக்கு, கர்த்தர் உம்முடைய நலத்தைத் தேடுவாராக. செமரியாவுக்கு இவ்வளவு கொடும். கேரோசியனுக்கு இவ்வளவு கொடும். நீர் எனக்குக் கட்டளையிட்ட காரியம் நலமே முடிந்தது. கடைசி இரண்டு வரிகள்: கர்த்தருடைய ஆலயத்தில் அவன் தங்கியிருக்கிறான்.

‘கேரோசியனுக்கு’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வாவ், லாமெத், கோப், ரேஷ், சாமெக், யோத். முதலில் நிற்கும் வாவ் ‘உம்’ என்ற இணைப்பு. லாமெத் நான்காம் வேற்றுமை. கடைசியில் உள்ள யோத் ‘அந்தக் குடியைச் சேர்ந்தவன்’ என்று காட்டும் விகுதி. இடையில் மிஞ்சுபவை கோப், ரேஷ், சாமெக். நீங்கள் நோட்டில் அடிக்கோடிட்ட அதே மூன்று எழுத்து! கி.மு. 586 வாக்கில் ஆலயம் இடிக்கப்படுவதற்கு முன், பண்டகசாலையில் படி வாங்கிய ஒருவன் இந்தப் பெயரால் அறியப்பட்டிருக்கிறான். அதே கடிதத்தில் கர்த்தருடைய ஆலயமும் பேசப்படுகிறது. பாருக் லெவின் என்ற அறிஞர் 1963இல் நிதனீமியரைப் பற்றி விரிவாக எழுதியவர். இந்த ஓட்டுச் சொல்லையும் எஸ்றாவின் கேரோசையும் 1969இல் இணைத்துக் காட்டியவர் அவரே.

இந்த இடத்தில் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஓட்டில் உயிரெழுத்து கிடையாது. ‘கேரோசியன்’ என்று வாசிப்பதற்கு நமக்கு எஸ்றாவின் பட்டியலே துணை. அவன் ஆலயப் பணியாளன் என்றும் ஓடு சொல்லவில்லை. ஆலயத்தில் தங்கியிருந்தவன் அவன்தானா, வேறொருவனா என்பதும் வாக்கியத்தில் திறந்தே கிடக்கிறது. ஆகவே நோட்டில் எழுத வேண்டிய வரி இது: கேரோஸ் என்ற குடிப்பெயர் சிறையிருப்புக்கு முன்னரே யூதாவில் வழங்கியிருக்கக்கூடும், அது ஆலயத்தோடு தொடர்புடைய குடியாக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இதற்கு மேல் ஒரு சொல் கூட்டாதீர்கள். இந்த அளவே எனக்கு நிறைவாக இருக்கிறது. சைரஸ் ராஜா திரும்பிப் போக அனுமதித்த கி.மு. 538க்கும் இந்த ஓட்டுக்கும் இடையே ஏறக்குறைய அறுபது ஆண்டுகள். பேரன் காலம்வரை ஒரு குடி தன் பெயரை அந்நிய தேசத்தில் காப்பாற்றி வைத்திருந்தது என்பது நடக்கக்கூடிய காரியமே.

இணையத்தில் தேடும்போது மூன்று வெள்ளிச் சேக்கலைக் கர்த்தருடைய ஆலயத்துக்குக் கொடுக்கச் சொல்லும் வேறொரு ஓடும் கண்ணில் படும். அது அகழாய்வில் கிடைத்ததன்று, பழம்பொருள் வியாபாரம் வழியாக 1990களில் வெளியே வந்தது. போலி என்று சந்தேகிக்கும் அறிஞர்கள் உண்டு. ஆராத் ஓடு மண்ணிலிருந்து நேரே எடுக்கப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அக்கம்பக்கத்துப் பெயர்கள்

ஒரு பெயர் எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்பதும் சாட்சியமே. கேரோசைச் சுற்றியுள்ளவர்களைப் பாருங்கள். சீகா எகிப்தியப் பெயர், எகிப்தில் நைல் நதியின் எலிபண்டைன் தீவில் கிடைத்த அரமேயத் தாள்களிலும் அது உண்டு. ரேத்சீன் என்பது சீரியா ராஜாவின் பெயராக ஏசாயா 7ஆம் அதிகாரத்தில் வருகிறது. சிசெரா என்றால் நியாயாதிபதிகள் 4ஆம் அதிகாரத்துக் கானானியப் படைத்தலைவன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். மெயூனீம் ஓர் இனத்தாரின் பெயர், உசியா ராஜா அவர்களோடு யுத்தம் பண்ணினான். பர்கோஸ் என்பதில் ஏதோமியரின் தெய்வமான கோஸ் ஒளிந்திருப்பதாகக் கருதுகிறார்கள். இத்தனை திசையிலிருந்தும் வந்த குடிகள் ஒரே ஆலயத்தின் பணியில் நின்றன. போரில் பிடிபட்டவர்களின் சந்ததி இவர்களில் இருந்திருக்கலாம் என்று பலரும் எண்ணுவதற்கு இதுவே காரணம்.

அவர்களுக்குப் பின்னாளில் நேர்ந்ததையும் நோட்டில் எழுதத்தான் வேண்டும், மனம் வலித்தாலும். யூத ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், கிதூஷீன் என்ற பகுதியின் 4ஆம் அதிகாரம், பாபிலோனிலிருந்து ஏறி வந்த பத்து வம்சங்களை வரிசைப்படுத்துகிறது. ஆசாரியர் முதலில். நிதனீமியர் எட்டாம் இடத்தில், சாதாரண இஸ்ரவேலரோடு பெண் கொடுக்கவும் எடுக்கவும் தகாதவர்களாக. வரிவிலக்கு ஆணையில் ஆசாரியரோடு ஒரே வரியில் எழுதப்பட்டவர்கள், ஓபேலில் குடியிருந்தவர்கள், உடன்படிக்கையில் ஆணையிட்டவர்கள். வேதாகமம் அவர்களுக்குக் கொடுத்த இடத்தைப் பின்வந்த சமுதாயம் கொடுக்கவில்லை. இதைச் சொல்லாமல் நிதனீமியரைப் பற்றிப் பாடம் எடுப்பது நேர்மையாகாது என்பது என் எண்ணம்.

பொருள் தேடுவது கடைசியில்

பலர் முதலில் செய்வதை நான் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கேரோசின் மூன்று எழுத்துகளும் யாத்திராகமம் 26ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளை இணைக்கும் கொக்கிகளுக்கான சொல்லிலும் இருக்கின்றன, ஏசாயா 46இல் நேபோ குனிவதைச் சொல்லும் வினையிலும் இருக்கின்றன. கொக்கி என்றதும் ஐம்பது பொன் கொக்கிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுப் பிரசங்கம் கட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். எழுத்து ஒன்றானாலும் உயிரோசை வேறு. அந்த மனிதனுக்கு ஏன் அந்தப் பெயர் இடப்பட்டது என்பதை எந்த வசனமும் சொல்லவில்லை. அகராதியில் கண்டதை ஒரே வரியில் எழுதி, ‘இருக்கலாம்’ என்று முடித்துவிடுங்கள்.

வாசிக்கும் முறை ஒன்று மட்டும் மீதி. வசனத்துக்கு மூன்று பெயராகவே பட்டியல் அமைந்திருப்பதால் மூன்றாவது பெயருக்குப் பிறகு மட்டும் நிறுத்துங்கள். ‘புத்திரர்’ என்ற சொல்லை விழுங்காதீர்கள். முந்தின இரவே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தால் ஆலயத்தில் நாக்குப் பிறழாது. எங்கள் கூட்டத்தில் கேரோஸ் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சீகாவை எடுக்கலாம், நெகேமியா 11:21இல் அதே பெயருள்ளவன் நிதனீமியரின் தலைவனாக வருவதால் கைக்குச் செய்தி கிடைக்கும். பக்பூக் என்ற பெயரை எடுப்பவர்கள் எரேமியா 19:1இல் வரும் மண் கலசத்தை மறக்காமல் பாருங்கள். அஸ்னாவை இரண்டாவது சுற்றுக்கு வையுங்கள். நெகேமியாவில் அந்தப் பெயர் இல்லாததால் ஒப்பிட மறுபக்கத்தில் வரி காலியாகவே இருக்கும்.